செவ்வாய் வண்டியும் அக்காவின் ஜீப்பும்

கூடலூரில் எனக்கு ஸ்டிக்கர் கடை. இந்தப் பக்கம் ஓடும் ஜீப்புகளில் பாதிக்கு நெற்றியில் இருப்பது நான் வெட்டி ஒட்டிய எழுத்துதான். சாமி பேர், இல்லாவிட்டால் பிள்ளை பேர். மூன்றாவதாக ஒன்றை யாரும் கேட்டதில்லை.

என் அக்கா பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஓவேலித் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றக் கிளம்பினாள். அந்த வழியில் ஜீப் ஓட்டிய முதல் பெண் அவள். ஒருவரும் ஏறவில்லை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களே ஓட்டுநர் இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஜீப்புக்குக் காத்து நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. சாமி மேலும் கோபம். அதனால் அவள் ஜீப் கண்ணாடியில் பேரும் இல்லை.

அப்போதுதான் பேப்பரில் படித்தேன். செவ்வாய் கிரகத்துக்கு அமெரிக்கர்கள் அனுப்பிய வண்டிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேர் வைத்திருக்கிறார்கள். பேர் மட்டும் போதாது, ஏன் அந்தப் பேர் என்று கட்டுரையும் எழுத வேண்டுமாம். ஆர்வம் என்று அர்த்தம் வரும் பேரை ஒரு சிறுமி எழுதினாளாம், அதையே வைத்துவிட்டார்கள். அக்காவிடம் ஓடினேன்.

"ஏண்டா, செவ்வாய்க்குப் போற வண்டிக்குப் பேர் வெக்க ஆளு வருது. என்ற ஜீப்புல ஏறவே ஆளக் காணோம்" என்றாள்.

ஆனாலும் பிஸ்கட் டப்பா ஒன்றை ஜீப்பில் கட்டினோம். ஏறியவர்கள் மட்டும் சீட்டுப் போடலாம். ஜீப்புக்குப் பேரும் வேண்டும், காரணமும் வேண்டும். முதல் வாரம் இரண்டு சீட்டு. இரண்டும் என் கையெழுத்து. ஒன்றில், நிலவில் உருண்ட நம் வண்டியின் பேரான பிரக்யான்.

"நீ ஏறவே இல்லியேடா!" என்று அக்கா இரண்டையும் கிழித்துப் போட்டாள்.

பிறகு மழையில் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு அம்மா ஏறினார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கம்பியை இறுகப் பிடித்து, ஓவேலி வரை கண்ணைத் திறக்கவே இல்லையாம். பத்திரமாக இறங்கியவர் டப்பா விஷயத்தைத் தோட்டத்து லைன் வீடுகளில் சொல்லியிருக்கிறார். பேரன் பேரை ஜீப்பில் பார்க்கும் ஆசையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். மாதம் முடிவதற்குள் ஜீப்பில் இடமில்லை.

டப்பாவைத் திறந்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாம் பேரப்பிள்ளைகள், குலதெய்வங்கள். ஒரு கடைக்காரர் தன் கடைப் பேரை விலாசத்தோடு போட்டிருந்தார். காரணத்தை ஒருவரும் எழுதவில்லை.

ஒரே ஒரு சீட்டில் காரணம் மட்டும் இருந்தது, பேர் இல்லை. அந்த அம்மா எழுதியது. "மொத நாள் கண்ண மூடிக்கிட்டு வந்தேன். இப்ப மேடு ஏறக்குள்ள வெளிய பாத்துக்கிட்டு வாறேன். பேரு நீயே வையி மகள்."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தைரியம்னு வெட்டுடா" என்றாள்.

"உன் தைரியத்துக்கு இந்தப் பேர் சரிதான்க்கா."

"என்ற தைரியம் என்னடா பெருசு? எனக்கு ஓட்டத் தெரியும், ஓட்டுனேன். தெரியாத கைய நம்பி ஏறுனாங்க பாரு, அவிக தைரியம்."

அன்றைக்கு என் தொழிலில் முதல் தடவையாக எழுத்தைக் கோணலாக ஒட்டினேன். கண்ணில் நீர் நின்றால் நேராக எப்படி வரும்?