பாதி வண்டிக்குக் கைகாட்டிய பாய்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். கொடைக்கானலில் உலாவுகிற பேய்களில் சிலவற்றை உண்டாக்கியதே நான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டினேன், பாறைக்குப் பாறை ஒரு வெள்ளைக்காரியை அழவிட்டிருக்கிறேன், புதுசாகக் கல்யாணமாகி வந்த ஜோடிகள் பயந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இறங்கும்போது டிப்ஸ் தாராளமாக வரும், பேய்க்கும் எனக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். அதனால் இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

வேனை விற்றுவிட்டு நான் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தேன். எங்கள் சர்ச்சும் பஜார் பள்ளிவாசலும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்துகிற வண்டி அது. அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம், மீதியைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளும், அதனால் மலை முழுக்க அதற்குப் ‘பாதி வண்டி’ என்றே பேர். உயிருக்கு ஆபத்து என்றால் கவர்மெண்ட் வண்டி வரும். டயாலிசிஸ், கண் ஆபரேஷன், வாதத்துக்கு மருந்து என்று அடிக்கடி கீழே இறங்க வேண்டிய பெரியவர்களை யார் கூட்டிப்போவது? நாங்கள்தான்.

வயசாளிகளை ஏற்றிப் போவது தனி வித்தை. ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னால் யாரும் படுக்க மாட்டார்கள், “நான் என்ன பொணமா?” என்று கேட்டுவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், சைரனும் போடக் கூடாது. ஒருமுறை பழக்கதோஷத்தில் சைரன் போட்டுக்கொண்டு ஒரு பெரியவரை வீட்டில் இறக்கப் போனேன், சத்தத்தைக் கேட்டதும் பக்கத்துத் தெருவிலிருந்து மாலையோடு ஒருவர் ஓடிவந்துவிட்டார். கண் ஆபரேஷன் முடிந்து கருப்புக் கண்ணாடி போட்டிருந்த பெரியவர் கீழே இறங்கி, கம்பை ஓங்கிக்கொண்டு அவரைத் தெருமுனை வரைக்கும் விரட்டினார். இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. ஆளை இறக்கிவிட்டுக் காலியாக மலையேறும்போது வழியில் எந்தப் பெரியவர் கைகாட்டினாலும் ஏற்றிக்கொள்ள வேண்டும், அதற்குக் காசு கிடையாது. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். பேச்சுத்துணை கிடைக்கும், வாழைப்பழம் கிடைக்கும், சில பேர் நெற்றியில் சிலுவைகூடப் போட்டுவிட்டுப் போவார்கள்.

போன காபிப் பறிப்பு சமயத்தில்தான் அது நடந்தது. ஒரு டீச்சரம்மாவைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வண்டியில் கூட வருகிற நர்ஸம்மாவை அங்கேயே துணைக்கு விட்டுவிட்டு, பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடிக்கு நான் மட்டும் ஏறிக்கொண்டிருந்தேன். நட்டநடு ராத்திரி என்று நினைக்காதீர்கள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம்தான், ஆனால் மூடுபனி இறங்கிவிட்டதால் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துபோகிற நிலைமை. தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அங்கே ஒரு பாய் நின்றுகொண்டு கைகாட்டினார். வெள்ளைத் தாடி, தொப்பி, பச்சை ஸ்வெட்டர், அந்தக் குளிரில் காலில் செருப்பு இல்லை. நிறுத்தினேன். அவரே கதவைத் திறந்துகொண்டு முன்சீட்டில் ஏறினார்.

“பெல்ட்டப் போட்டுக்கங்க பாய்” என்றேன், முன்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் நான் விடமாட்டேன். போட்டுக்கொண்டார். பூட்டு விழுந்த சத்தத்தை என் காதால் கேட்டேன்.

“எங்க பாய் போகணும்?”

“வெரசாப் போங்க தம்பி, வீட்ல சோலி கெடக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. நான் இரண்டு மூன்று விதமாகப் பேச்சுக் கொடுத்தும் வாய் திறக்கவில்லை, நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். காபித் தோட்டத்துக்குள் பிரிகிற மண்பாதை வந்ததும் இடதுபக்கம் கையைக் காட்டினார். ஆம்புலன்ஸ் போகிற பாதையா அது? மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் திருப்பினேன், பாவம், வயசானவரை எப்படி நடக்கவிடுவது. பாதை முடிகிற இடத்தில் ஓட்டு வீடு, முன்னால் கேட். “இருங்க பாய், தொறந்துட்டு வாரேன்” என்று இறங்கினேன்.

நான் கேட்டில் கை வைத்ததுதான் தாமதம், வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா முக்காடு நழுவ ஓடிவந்தார். கையில் போன்.

“யா அல்லா! டவரே இல்லாமக் கெடக்கே, யாரு சொல்லி வந்தீங்க? அவுக காலைலருந்து மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்காக, வாங்க தம்பி, வெரசா வாங்க!”

உள்ளே போனேன். கட்டிலில் ஒருவர் கிடந்தார். வெள்ளைத் தாடி, தொப்பி, பச்சை ஸ்வெட்டர். உதடு நீலம் பாரித்திருந்தது, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

நம்பினால் நம்புங்கள், கழுத்தில் கிடக்கிற இந்த மாதாவின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அதே முகம். அண்ணன் தம்பி சாயல் என்று சொல்ல முடியாது, அதே ஆள். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன், முன்சீட்டில் யாரும் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது.

பயப்பட நேரம் இருந்தால்தானே. தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூவி அழைத்து, கம்பளியில் வைத்துத் தூக்கி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினேன், அந்த அம்மா அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் ஓடிவந்து டிரைவர் சீட்டில் ஏறினால், பக்கத்துக் காலி சீட்டில் பெல்ட் போட்டபடியே இருக்கிறது. ஆள் இல்லை, பூட்டு மட்டும் விழுந்திருக்கிறது. இறங்கின மனுஷன் அதைக் கழற்றாமல் எப்படி இறங்கியிருக்க முடியும்? அதைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை, அப்படியே வண்டியைத் திருப்பிச் சைரனைப் போட்டேன். இறங்குகிற வளைவு ஒவ்வொன்றிலும், “பாய்க்கு ஒண்ணும் ஆகக் கூடாது ஆண்டவரே” என்று வாய்விட்டே கெஞ்சிக்கொண்டு ஓட்டினேன்.

பிழைத்துவிட்டார். இதயத்தில் அடைப்பு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை நழுவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாவிடம் நைசாக விசாரித்தேன், பாய் கட்டிலை விட்டு இறங்கியே ஒரு வாரமாகிறதாம், அவர் எப்படி ரோட்டுக்குப் போயிருப்பார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். கமிட்டியிலும் தோட்டத்துக்காரர்கள் யாரோ கைகாட்டினார்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டேன், ஆம்புலன்ஸ் டிரைவர் பேயைப் பார்த்தான் என்று தெரிந்தால் அப்புறம் யார் ஏறுவார்கள்?

பாய் இன்றைக்கு ஜம்மென்று இருக்கிறார். மிளகுக் கொடியை அவரே பார்த்துக்கொள்கிறார். பெருநாளைக்கு என்னைக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டார், என் மனைவிக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார். “நீங்க எங்கூடப் பொறக்காத தம்பி” என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு உயிர் நம் கையால் தங்கியிருக்கிறது என்பதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும். அந்த வரைக்கும் எனக்கு நிறைவுதான்.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் மனசில் கிடந்து அறுக்கிறது. போன மாதம் செக்கப் முடிந்து அவரை மேலே கூட்டிவந்துகொண்டிருந்தேன். வழக்கம்போலப் பாய் முன்சீட்டில், அந்த அம்மா பின்னால் அசந்து தூங்கிக்கொண்டு வந்தார். மூடுபனி. டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன சந்தோஷத்தில் பாய் ஏதோ கேலி பேசிக்கொண்டு வந்தார், பாலம் வந்தது.

வெள்ளைத் தாடி, தொப்பி, பச்சை ஸ்வெட்டர், வெறுங்கால். கைகாட்டி நின்றது.

என் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. கியர் மேலிருந்த என் கையைப் பாய் இறுக்கிப் பிடித்தார்.

“நிறுத்தாதீங்க தம்பி” என்றார். “போங்க.”

போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். பனி மூடுகிற வரைக்கும் அது கையை இறக்கவே இல்லை.