விறகு ஸ்டவ்வும் தாளிப்பும்

குளிர்காலம் வந்தாலே எனக்குக் கை பரபரக்கும். ரிட்டயர் ஆன பிறகும் அது போகவில்லை. நியூ ஜெர்சியில் சிம்னி, விறகு ஸ்டவ் சர்வீஸ்தான் என் பிழைப்பாக இருந்தது. ஊரில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு வந்து, அடுத்தவர் வீட்டுக் கரியைச் சுரண்டிச் சோறு தின்றவன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பனியில் விறைத்துப்போய் ஒரு பழைய வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் வந்து படும் விறகுச் சூடு இருக்கிறதே, இப்போது நான் இருக்கும் காண்டோ அபார்ட்மென்ட்டின் ஹீட்டரில் அது வருவதே இல்லை. அதை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடுங்குளிரில் ஒரு நாள், பார்சிப்பனிக்கு மேற்கே மலைப்பக்கம் இருந்து ஃபோன். முத்துக்குமார், ஐ.டி.க்காரர், நம்ம ஈரோட்டுப் பக்கம்.

"அண்ணா, வீட்டு ஹீட்டிங் பாய்லர் புட்டுக்கிச்சுங்க. பார்ட் வர ஒரு வாரம் ஆகுமாம். விறகு ஸ்டவ்வுலதான் வண்டி ஓடுது. அதுல ஏதோ கோளாறுன்னு வீட்ல சொல்றாங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அந்தக் காலத்து மர வீடு. முத்துக்குமார் ஆசைப்பட்டு வாங்கியது. குளிர் புகாமல் இருக்க ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, கதவு இடுக்கெல்லாம் ஃபோம் அடைத்து வைத்திருந்தார். அவர் மனைவி சாந்திக்கோ ஐசலின் பக்கம், நம்மூர்க் கடைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் புது டவுன்ஹவுஸ் வேண்டுமென்று ஆசை. அந்தச் சண்டை இன்னும் ஆறவில்லை என்பது காபி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் அப்ப இந்த ஸ்டவ்வப் பத்தவெச்சதுல இருந்து டெய்லி தலைவலிங்ணா. சமைச்சு முடிக்கறதுக்குள்ள கிறுகிறுன்னு வருது. ஆஃபீஸ் போனா சரியாயிருது," என்றார் சாந்தி.

"ஆஃபீஸ்ல சமைக்க வேண்டியதில்லையே, அதான்," என்று முத்துக்குமார் சிரித்தார்.

சாந்தி சிரிக்கவில்லை. "இன்னிக்கு நீங்க ஒரு முடிவு சொல்லிருங்ணா. ஸ்டவ் சரியில்லைன்னா கழட்டிருங்க. நல்லாருக்குன்னா இனி நான் வாயே திறக்கல."

ஸ்டவ் பார்க்க வந்தவன் தலையில் குடும்பப் பஞ்சாயத்து.

பைப், டேம்பர், கதவு கேஸ்கெட் எல்லாம் பார்த்தேன். பழுது இல்லை. சிம்னி இழுக்கிறதா என்று புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் பென்சில் தீர்ந்துபோயிருந்தது. சாமி அலமாரியில் இருந்து ஊதுபத்தி ஒன்று வாங்கிப் பற்றவைத்து, ஸ்டவ் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பக்கத்தில் பிடித்தேன். புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே போனது. சிம்னி நன்றாக மேலே இழுக்கிறது என்று அர்த்தம்.

"நான்தான் சொன்னேன்ல," என்றார் முத்துக்குமார்.

சாந்தி சமையலைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊதுபத்தியை அணைக்காமல் அங்கேயே குந்தியிருந்தேன்.

பக்கத்திலேயே திறந்த கிச்சன். சாந்தி சாம்பாருக்குத் தாளிக்க எண்ணெய் வைத்தார். குளிருக்குப் போடும் கோட்டில் தாளிப்பு வாசம் ஏறிவிடும் என்று நம்மவர்கள் பலர் மாட்டுவதுபோல் அவர்களும் பெரிய எக்ஸாஸ்ட் ஹூட் ஒன்று மாட்டியிருந்தார்கள். கடுகு வெடித்ததும் அதன் ஃபேனை ஹையில் வைத்தார். ஊதுபத்திப் புகை கொஞ்சம் தடுமாறி, அப்படியே என் முகத்துக்கு நேராகத் திரும்பியது. ஸ்டவ்வின் புகையும் கூடவே வந்தது.

"அம்மணி, ஃபேன ஆஃப் பண்ணுங்க! தம்பி, ஜன்னலத் திறங்க!" என்று கத்தினேன். முத்துக்குமார் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துத் திறந்தார்.

ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர அந்த வீட்டில் வேறு வழியே இல்லை. காற்று சிம்னி வழியாகத்தான் இறங்கியது. தணலில் இருந்து அதோடு வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுதான் அந்தத் தலைவலி; அதற்கு வாசனையும் கிடையாது.

"அலாரம் எங்கீங்க?" என்றேன்.

முத்துக்குமார் மேலே காட்டினார். புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்து ஒரே அலாரம். அதன்மேல் ஷவர் கேப் மாட்டியிருந்தது. பேட்டரியும் இல்லை.

"தாளிச்சாலே கத்துதுங்ணா, அதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "ஸ்டவ்வ எடுத்துருங்ணா. இப்பவே எடுத்துருங்க."

"ஸ்டவ் இருக்கட்டும். அது மேல எனக்கென்ன கோவம்? இத்தன நாளா சொல்றேன், ஒரு நாளாவது நீங்க நம்பியிருக்கலாம்," என்றார் சாந்தி.

நான் டூல் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பிறகு இருவரையும் டாக்டரிடம் அனுப்பினேன். புது அலாரம் மாட்டி, அந்த வாரமே வெளிக்காற்று உள்ளே வரத் தனி டக்ட் போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, எந்த வீட்டுக்குப் போனாலும் வாயு அளக்கும் மீட்டரை எடுக்கும் முன்பு, அங்கே சமைக்கிறவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். என்ன செய்யும்போது, எப்போது வலிக்கிறது என்று கேளுங்கள். பதிலை நம்புங்கள்.

அடுத்த வருஷம் பனி கொட்டும்போது அதே வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். திடீரென்று அலாரம் கத்தியது. மாடியில் லுங்கியோடு ஆன்லைன் மீட்டிங்கில் இருந்த முத்துக்குமார் ஹெட்செட்டை வீசிவிட்டு ஓடிவந்தார். ஃபேனை அணைத்தார், அடுப்பை அணைத்தார், சாந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு பனியில் போய் நின்றார்.

"ஐயோ, கடுகுதாங்க கருகிப்போச்சு!" சாந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது கெடக்குது. உனக்குத் தலை வலிக்குதா, அதச் சொல்லு," என்றார் முத்துக்குமார்.