சுற்றிய டேப்பும் முதல் நீராவியும்

கூடாரத்தைப் பையிலிருந்து உதறியதும் கபிடோலினா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழுகிய பிர்ச் மர இலைகள், மீன் கொழுப்பு, எவனுடையதோ ஒற்றைக் காலுறை.

"குளிக்கத்தான் போறானுங்களா, இல்ல பன்னி மேய்க்கப் போறானுங்களா? சீ!"

ரஷ்யாவின் சுசோவயா ஆற்றுப் படகுத்துறையில் இருபத்திமூன்று வருஷமாக, உள்ளே கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிக்கும் நீராவிக் கூடாரங்களின் உடைந்த கம்புகளைச் சரிசெய்பவள் அவள். ஆனால் கூடாரத்துக்குள் போய்க் குளிக்கமாட்டாள். வந்த புதிதில் ஒருமுறை போனாள். உடைந்த கம்பில் புருஷன் சோம்பேறித்தனமாக டேப்பைச் சுற்றிவைத்திருந்தான். சூட்டில் பசை இளகி, கூரை அடுப்பின்மேல் சரிந்தது. அவளுடைய இடது கை முழங்கைவரை வெந்துபோனது. "சின்னக் காயம்தானே, ஏன் கத்துற?" என்றான் அந்த மகராசன். தழும்பு இன்னும் இருக்கிறது. புருஷனைத்தான் அன்றோடு தலைமுழுகிவிட்டாள்.

அதன்பிறகு அவள் கை டேப்பைத் தொட்டதில்லை. உடைந்த முனையை அறுத்து, அரம் போட்டு, மேலே ஓர் அலுமினியக் குழாயைச் செருகி ஆணி அடிப்பாள். அவள் போட்ட ஒட்டு விட்டுப்போனதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இன்றைக்கு இந்தக் கூடாரம் அக்கா மகள் உல்யானாவுக்கு. நாளைக்குக் கல்யாணம், வழக்கப்படி இன்று மத்தியானம் மணப்பெண் தோழிகளோடு குளிக்கவேண்டும். நேற்று மாப்பிள்ளை வெனியமின் தன் கூட்டாளிகளோடு இதை ஆற்றுக்கு எடுத்துப்போனவன், காலையில் கொண்டுவந்து போட்டான். "எல்லாம் சரியா இருக்கு சித்தி. அப்படியே நட்டுக்கலாம்."

கபிடோலினா கம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மூன்றாவதில் விரல் நின்றது. கறுப்பு டேப், கனமாக. மேலே அடுப்புக் கரியை வேறு பூசியிருந்தான், தெரியக்கூடாதென்று. அந்தக் கரியைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சோம்பலை மன்னித்துவிடலாம். இது யோசித்துச் செய்த வேலை.

படகுகளுக்குப் பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டாள். "என்னடா இது?"

"அது... பசங்க குடிச்சிட்டு மேல விழுந்துட்டானுங்க. ஒரு மணி நேரம் தாங்கும் சித்தி. உல்யானாகிட்ட சொல்லிடாதீங்க, வாங்கிக் கட்டிக்க முடியாது."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள் கபிடோலினா.

குழாய் இருந்தது, ஆணி இருந்தது. அரைமணி நேர வேலை. அவள் அதைத் தொடவில்லை. டேப் சுற்றிய கம்போடு கரையில் கூடாரத்தை நட்டு, கற்களை அடுக்கி அடுப்பை மூட்டினாள். கற்கள் பழுக்கக் காய்ந்த நேரத்தில் உல்யானா ஐந்து தோழிகளோடு சிரித்துக்கொண்டே வந்தாள். எல்லார் கையிலும், குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ள பிர்ச் இலைக்கட்டு.

கபிடோலினா வாசல் துணியைப் பிடித்துக்கொண்டு வழிமறித்தாள். "இருங்கடி. முதல் நீராவி மரியாதைக்குரியவங்களுக்குத்தானே நம்ம வழக்கம்? மாப்பிள்ள, நீ போ உள்ள."

பெண்கள் கைதட்டினார்கள். வெனியமின் அசடு வழிந்தான். "எனக்கெதுக்கு சித்தி... நேத்தே குளிச்சாச்சு."

"அட, போயேன் வெனியமின்!" உல்யானா அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "வெக்கத்தப் பாரு!"

அவன் கால் நகரவில்லை. கண் அந்த மூன்றாவது கம்பையே பார்த்தது. அவள் இன்னொருமுறை தள்ளியபோது வாய்விட்டுக் கத்திவிட்டான். "விடுடி! அந்தக் கம்பு தாங்காது!"

சிரிப்பு நின்றது. உல்யானா கம்பருகே குனிந்து டேப்பை விரலால் தொட்டாள். பசை இளகி நூலாக இழுத்தது. விரலில் கரி ஒட்டியது. அவன் பக்கம் திரும்பினாள்.

"தாங்காதுன்னு தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தியா?"

"சின்ன விரிசல்தானே உல்யானா, அதுக்குப் போய்..."

கபிடோலினா சட்டைக்கையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். அந்தத் தழும்பின் கதை தெரிந்த உல்யானா அதைக் கவனித்துவிட்டாள். விரல் கரியை இலைக்கட்டில் துடைத்து, அதைத் தரையில் போட்டாள்.

"சித்தி, அடுப்ப அணைச்சிடுங்க. நாளைக்குக் கல்யாணத்துக்கும் யாரும் வர வேணாம்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."