மூக்காயி பார்த்த ரத்தப் பொருத்தம்

மூக்காயி வந்து நின்றால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் தராசுக்காரர்கள் ஒழுங்காக நிறுப்பார்கள். வாய் அப்படி. சின்னாளபட்டிப் பக்கம் அரை ஏக்கர் மல்லிகை, ரெண்டு பெண் பிள்ளைகள், யாருக்கும் பயப்படாத பிழைப்பு. அப்பேர்ப்பட்டவளையே ஆட்டிப் பார்த்துவிட்டான் பேரன். மூத்த மகள் மாலதி அத்தை மகனைக் கட்டிப் பெற்ற பிள்ளை, வெளிறிப்போய்த் துவண்டு கிடந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் தலசீமியா என்றார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டுமாம்.

"உங்க குடும்பத்துல கைக்குழந்தை ஏதும் இறந்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். கூடப் போன சொந்தமெல்லாம் இல்லவே இல்லை என்று சாதித்தது.

"ஏன் இல்லாம? எம்பேரே மூக்காயில்ல," என்றாள் அவள்.

முன்னால் பிறந்தது தங்காமல் போனால், அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி அந்தப் பேரை வைப்பது வழக்கம். அண்ணன் ஈஸ்வரனுக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்த மூன்றுமே வெளுத்துப்போய்ச் செத்தவை. சாமி குத்தம் என்று கிடா வெட்டியதோடு சரி.

தாய், தகப்பன் ரெண்டு பேர் ரத்தத்திலும் அந்த நோயின் கூறு மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும் என்றார் டாக்டரம்மா. இளையவள் பானுப்ரியாவுக்கும் அண்ணன் மகன் மோகன்குமாருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. மூக்காயி நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் பாக்கணும்ணே. ரெண்டு பேருக்கும் இருந்தா இந்தச் சம்பந்தமே வேணாம்."

"நமக்கெல்லாம் ஒரே ரத்தம்தான தாயி? ஒருத்தருக்குப் பாத்தாப் போதாதா?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா! அவள் விடவில்லை. ரெண்டு பேரையும் கூட்டிப்போனாள், தன் கையையும் நீட்டினாள்.

முடிவை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்தார்கள். பானுவுக்கு இருந்தது. மோகனுக்கு இல்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நோய் வராது. அப்பாடா என்று மூக்காயி உட்காரவில்லை, அதற்குள் அண்ணன் முகம் மாறிவிட்டது.

"குறையுள்ள பொண்ண எப்படித் தாயி எம்மகனுக்குக் கட்டுறது?"

பானு தலையைக் குனிந்துகொண்டாள். மூக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதிக்கச் சொன்னது அவள், மகள் வாழ்க்கைக்கே அது உலை வைப்பதா?

"குறையா? அது எனக்கும் இருக்கு. இந்த உடம்போடதான் இம்புட்டுக் காலம் பூப்பறிச்சேன், ரெண்டு பிள்ளை பெத்தேன், நீ படுத்தப்ப கஞ்சி காச்சி ஊத்துனேன். என்ன கொறஞ்சு போனேன்? நம்ம ஆத்தாளுக்கும் இருந்திருக்கு, அய்யாவுக்கும் இருந்திருக்கு. அதான் மூணு பச்சப்பிள்ளையப் புதைச்சாக. எம்மகளச் சொல்றியே, உன் ரத்தத்த யாருண்ணே பாத்தா?"

ஈஸ்வரன் எழுந்து, ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க பாக்குறாகன்னு சொல்லு, நானும் வாரேன். வரும்போது அப்படியே பத்திரிகை அடிக்கவும் குடுத்துட்டு வந்துருவோம்," என்றார்.