லாட்ஜ் வாசல் நட்சத்திரம்

எங்கள் வீட்டில் அப்பா சிலை செதுக்குவார், மாமா கல்லில் எழுத்து வெட்டுவார், அம்மா சந்தேகப்படுவாள். மூன்றுமே முழுநேர வேலைதான். பால்காரர் சிரித்தால் இன்று பாலில் தண்ணீர் அதிகம் என்பாள். சிரிக்காவிட்டால், நேற்று ஊற்றிய தண்ணீருக்கு இன்று முகம் காட்ட வெட்கப்படுகிறான் என்பாள். அவள் வயிற்றில் பிறந்ததால் பத்து வயதிலேயே எனக்கும் அந்தக் கண் வந்துவிட்டது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு; வீட்டுக்கு முன்னாலேயே பட்டறை. அடுத்த கட்டடம் ஒரு லாட்ஜ். தெருக்குழாய் லாட்ஜைத் தாண்டி இருந்தது. துணி காயப்போடும் கொடியும் அதற்கு அந்தப் பக்கத்துக் காலி மனையில்தான். அதனால் தெருப் பெண்கள் எல்லோரும் நாள் முழுக்க லாட்ஜ் வாசலைக் கடந்துகொண்டே இருப்பார்கள்.

வெள்ளைக்காரர்கள் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வருடம் தீபாவளி முடிந்து மழை தொடங்கிய நேரத்தில் வந்து இறங்கிய கிழவி புதிது. மழைக்காலத்தில் யாரும் வரமாட்டார்கள். லாட்ஜில் அவள் ஒருத்திதான் இருந்தாள். எண்பதைத் தாண்டியவள், காலையிலேயே உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, இல்லாத புருவத்தை மையால் வரைந்துகொண்டு வராந்தாவுக்கு வருவாள். லாட்ஜில் அவளை ஆன் அம்மா என்றார்கள்.

"சினிமா ஆக்டரு. அமெரிக்காவுல பேசாத படம் எடுத்தாங்க பாரு, அந்தக் காலத்துல பெரிய ஸ்டாரு," என்றார் மேனேஜர். யாரும் நம்பவில்லை. முந்தைய வருடம் தாடி வைத்த ஒருவனை ராஜகுமாரன் என்று சொல்லித் தெருவையே கும்பிட வைத்தவர் அவர். அந்த ராஜகுமாரன் ஒருநாள் விடியற்காலையில் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான்.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "பேசாத படமா? பேசாம இன்னா படம்?"

ஒருநாள் கிழவி மேனேஜரை அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். அதில் ஐந்து முனை நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் இங்கிலீஷில் ஒரு பெயர். படித்துச் சொல்லும் பெருமை எனக்குக் கிடைத்தது. டெய்ஸி என்று எழுதியிருந்தது. இதைக் கருங்கல்லில் வெட்டி லாட்ஜ் வாசலில், தரையோடு தரையாகப் பதிக்க வேண்டும் என்றார் மேனேஜர். லாட்ஜ் முதலாளியும் சம்மதித்துவிட்டாராம்.

"எல்லாரும் அது மேல நடக்கணுமாம். அதான் முக்கியம்னு சொல்றாங்க."

அப்பா தலையாட்டினார். அம்மா அவரை உள்ளே இழுத்தாள். அவள் பேரு ஆன், தாளில் இருப்பது டெய்ஸி. எவளோ ஒருத்தியின் பெயரை மந்திரச் சக்கரத்துக்குள் எழுதி, மண்ணில் புதைத்து, போகிறவர் வருகிறவர் கால் எல்லாம் அதன்மேல் படவேண்டும் என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான். செய்வினை.

"கோயில் படியில பேரு வெட்டிப் போடறது இல்ல? பக்தருங்க கால் படட்டும்னு அவனவன் கேட்டு வெட்டிக்கிறான்," என்றார் அப்பா.

"அது கோயிலு. இது லாட்ஜு."

அப்பா நட்சத்திரத்தின் முனைகளை அதற்குள் மனதில் கீறத் தொடங்கியிருந்தார். அந்த முகம் வந்துவிட்டால் அவரைத் திருப்ப முடியாது.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் தங்கை, என் சித்தி, செங்கல்பட்டிலிருந்து பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை ஏழாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இப்போது மூன்றாவது. இதுவும் ஏழாம் மாதம். அந்த வயிற்றைச் சுற்றித்தான் எங்கள் வீடே நடந்தது. அப்பாகூட உளியை மெதுவாகத்தான் தட்டினார். இந்த நேரத்தில் பக்கத்து வாசலில் இப்படி ஒரு கல்.

கல் தயாராகும்வரை கிழவி தினமும் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். ஒருநாள் மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "டெய்ஸி யாரு?" என்று கேட்டார். கிழவி எழுந்து நின்றாள்.

இன்றுவரை அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கையை இடுப்புயரத்தில் வைத்துக் காட்டினாள், சின்னப் பெண். முடியைச் சுருட்டிவிட்டாள், அழகான பெண். குதிரை ஏறினாள், விழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டியதுபோல் வைத்துக்கொண்டு கண்ணை உருட்டித் துடித்தாள். பிறகு அழுதாள். நிஜக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அடுத்த நொடி அதைத் துடைத்துவிட்டு, எதிரே பெரிய கூட்டம் இருப்பதுபோல் குனிந்து வணங்கினாள். மாமா கை தட்டினார். கிழவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். காதருகே கையைக் குவித்து எதையோ கேட்டாள். வாயைத் திறந்தாள். தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கை தொப்பென்று கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் அத்தனையும் நடித்துக் காட்டினேன்.

"கட்டிப் போட்டாளா?"

"ஆமா."

"கழுத்தைப் புடிச்சாளா? ரெண்டு கையாலயுமா?"

"ஒரு கையால."

"ஒரு கை போதும்," என்றாள் அம்மா.

டெய்ஸி கிழவியின் சக்களத்தி என்பது அன்று சாயங்காலத்துக்குள் குழாயடிவரை முடிவாகிவிட்டது. எனக்கு அதைவிட அந்த அழுகைதான் உறுத்தியது. குழாயை மூடுவதுபோல் அழுகையை மூடுகிறவளை எப்படி நம்புவது?

கல்லைப் பதித்தார்கள். அப்பா வேலை சோடை போகாது. ஈரத்தில் நட்சத்திரம் பளபளத்தது. தெருவில் ஒருவரும் அதை மிதிக்கவில்லை. பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். பிள்ளைகள் தாண்டிக் குதித்தோம். பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார். மேனேஜர்கூட, இதையெல்லாம் நம்பாதவர் போலச் சிரித்துக்கொண்டே, பக்கவாட்டில்தான் நடந்தார்.

கிழவி தினமும் சாயங்காலம் நல்ல கவுன் உடுத்திக்கொண்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்வாள். பார்வை முழுக்கக் கல்மேல். தூரத்தில் யாராவது வந்தால் முன்னால் சாய்வாள். அவர்கள் ஒதுங்கிப் போனதும் பின்னால் சாய்ந்துகொள்வாள். கண்ணி வைத்தவள் எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சாக்லேட்டை நீட்டி, காலால் தரையைத் தட்டிக் காட்டி, வா என்று என்னைக் கூப்பிட்டாள். நான் எடுத்த ஓட்டத்தில் செருப்பு ஒன்று அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் செருப்பைத் தேடி லாட்ஜ் சுவரோரம் நின்றிருந்தேன். மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடக்கிறதே என்று சித்தி எப்போது போனாளோ, தெரியாது. முகவாய்வரை துணியை அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். வழி தெரிகிற மாதிரி இல்லை. வயிறு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

சித்தி நட்டநடு நட்சத்திரத்தில் கால் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். போதாக்குறைக்கு அங்கேயே நின்று, சரிந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வராந்தாவிலிருந்த கிழவி எழுந்தாள். படி இறங்கி மழைக்குள் வந்தாள். புருவ மை கரைந்து கன்னத்தில் ஓடியது. சித்திக்கு நேராக வந்து, எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல் இரண்டு கையையும் கூப்பினாள். உதடு அசைந்தது. சத்தமே இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது.

சித்தி துணி மூட்டைக்குப் பக்கவாட்டில் முகத்தை நீட்டி, "மழைல நனையாதம்மா, உள்ள போ," என்றாள்.

அம்மா வந்ததும் சொன்னேன். மிதித்ததைச் சொன்னேன், கும்பிட்டதைச் சொன்னேன், மந்திரம் சொன்னதையும் சொன்னேன். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். நெடி வரவில்லை என்று மறுபடி சுற்றினாள். சித்தியின் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவும்போது அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் கண் விழித்ததும் சித்தியின் வயிறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சில நாளில் மழை விட்டது. காரில் ஏறிக் கிழவி ஊருக்குப் போனாள். "வேலை முடிஞ்சுது, கெளம்பிட்டா," என்றாள் அம்மா.

ஏழாம் மாதம் போயிற்று. எட்டும் போயிற்று. ஒன்பதில் வலி கண்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை பிறந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. அம்மா எல்லாச் சாமிக்கும் நன்றி சொல்லி முடித்தபின் கணக்கை நேர் செய்தாள். செய்வினை சரியான விலாசத்துக்கே போய்விட்டது. டெய்ஸிதான் எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பாள்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளைக்கார இளைஞன் அந்தக் கல்லைத் தேடிக்கொண்டு வந்தான். கிழவியின் தங்கை பேரனாம். ஆன் அம்மா அந்தக் கோடையில் இறந்துவிட்டாள் என்றான். மாமா, டெய்ஸி என்ன ஆனாள் என்று கேட்டார். அவன் முழித்தான். பிறகு சொன்னான்; மாமா எங்களுக்குச் சொன்னார். இரண்டும் ஒரே ஆள்தான். ஏழு வயதில் சினிமாவில் சேர்ந்தபோது அவர்கள் வைத்த பெயர் டெய்ஸி. நிறையப் படம், நிறையப் புகழ். இருபது வயதில் படம் பேச ஆரம்பித்தது. இவள் குரல் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் அவள் வெறும் ஆன்.

"அடிப்பாவி, தனக்குத் தானேவா வெச்சுக்கினா?" என்றாள் அம்மா. பிறகு உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து கல்லைக் கழுவி, ஒரு செம்பருத்தியை வைத்தாள். அந்தப் பையன் பூவை அலுங்காமல் எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு ஷூ காலோடு நட்சத்திரத்தின் நடுவில் ஏறி நின்றான்.

"கட்டையில போறவனே! பாட்டி பேரு மேல ஷூ காலு வெக்கிறான் பாரு!" என்று அம்மா கத்தினாள். நானும் கத்தினேன். அன்று முதல் செத்தவள் பெயர் என்று தெரு இன்னும் கவனமாக ஒதுங்கி நடந்தது.

பல வருடம் கழித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கேன்டீன் டிவியில் அமெரிக்காவில் சினிமா எடுக்கிற ஊரைக் காட்டினார்கள். நீளமான நடைபாதை, வரிசையாக நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நடிகரின் பெயர். ஜனங்கள் சாவகாசமாக மிதித்துக்கொண்டு போனார்கள். அங்கே அதுதான் மரியாதையாம். தட்டில் சாதம் அப்படியே இருந்தது. சித்திக்குப் போன் போட்டேன்.

"நட்சத்திரமா? நா எங்கடி பாத்தேன்? எங்காலே எனக்குத் தெரியல அப்போ," என்றாள்.

கை கழுவப் போன இடத்தில் கண்ணாடி இருந்தது. அன்று மழையில் பார்த்த உதட்டசைவைச் சத்தமில்லாமல் செய்து பார்த்தேன். நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வந்து போயிற்று. பிறகு உதடு குவிந்தது. தேங்க் யூ. மாமல்லபுரத்தில் சங்கு விற்கிற பிள்ளைகள்கூட நாளெல்லாம் கேட்கிற வார்த்தை. நான் அதைத்தான் மந்திரம் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.