அறுபதில் அலறிய பிக்கப்பும் திருவண்ணாமலையில் ஒரு பகலும்

இந்தப் பதிவை இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். மகள் யாழினிக்குப் பல் முளைக்கிறது. வேறு சாக்கு இல்லை. கைக்குழந்தையோடு பிக்கப் வண்டியில் போகிறவர்களுக்கும், வண்டியின் ரீங்காரத்தில் தலைவலி வந்தவர்களுக்கும் இது உதவலாம்.

எங்கள் ஊர் போளூருக்குப் பக்கம். என் கணவர் தினமும் வாழை இலைக்கட்டுகளைப் பிக்கப்பில் ஏற்றித் திருவண்ணாமலை மெஸ்களுக்குப் போடுகிறார். எனக்கு வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. பக்கத்துத் தெருவிலேயே குழந்தைகள் காப்பகம். மூவரும் ஒரே வண்டியில் போய் வரலாம். சிக்கல் அந்த வண்டிதான். போன வருஷம் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானபோது, இழுவை நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உள்ளே தடுப்பே இல்லாத நேர்குழாய் சைலன்சர் ஒன்றை மாட்டிவிட்டார். ஐம்பதைத் தாண்டினால் கேபின் முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரே அதிர்வு. அறுபதில் யாழினி காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். போக வர எழுபத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றேகால் வயதுக் குழந்தையைத் தினமும் அதில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று, சைலன்சரை மாற்றப் போன அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்.

நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். பௌர்ணமியன்று இலைக்கு ஓயாத கிராக்கி, மறுநாள் லோடு கம்மி. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைத்தோம். டயபர் எட்டு, வெந்நீர் பிளாஸ்க், காய்ச்சல் மருந்து, போனில் சத்தத்தை அளக்கும் ஒரு செயலி என்று எல்லாவற்றையும் யோசித்து எடுத்து வைத்த நான், ஊரே ராத்திரி முழுக்க மலையைச் சுற்றி நடந்திருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

காலை 7.10க்குக் கிளம்பினோம். நாற்பத்தைந்தைத் தாண்டவே கூடாது என்று நான் சொல்லிவிட்டதால் வேங்கிக்கால் வரவே 8.15. செங்கம் சாலையில் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு 8.45க்குப் போனால் ஷட்டர் மூடியிருக்கிறது. மெக்கானிக் ஏழுமலை கிரிவலம் முடித்து விடிகாலைதான் வந்தார், பதினோரு மணிக்கு மேல்தான் எழுந்து வருவார் என்று பக்கத்து டீக்கடை அக்கா சொன்னார். அவ்வளவு நேரத்தையும் ஆசிரமப் பகுதியில் ஒரு காபிக் கடையில் ஓட்டினோம். ஒரு காபி 60 ரூபாய். யாழினி மட்டும் பக்கத்து மேஜை வெள்ளைக்காரப் பெண்ணின் தட்டிலிருந்து இலவசமாகச் சாப்பிட்டாள்.

ஏழுமலை அண்ணன் 11.20க்கு நொண்டிக்கொண்டே வந்தார். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்கால் நடையில் இரண்டு குதிகாலும் கொப்புளம். எஞ்சினை ஒருமுறை முறுக்கிக் கேட்டுவிட்டு, உள்ளே அறை அறையாகத் தடுப்பு வைத்த நீளமான சைலன்சர்தான் சரிவரும் என்றார். கூலியோடு 4,200 ரூபாய். ஒரு மணி நேரத்தில் மாட்டியாகிவிட்டது.

சோதனை ஓட்டத்துக்குச் செங்கம் பக்கம் ஆறு கிலோமீட்டர் போனோம். கணவர் ஓட்ட, நடுவில் ஏழுமலை அண்ணன், ஓரத்தில் நான், மடியில் யாழினி. முன்பு ஒருநாள் பழைய சைலன்சரோடு அறுபதில் 86 டெசிபல் காட்டிய செயலி இப்போது 81. வெளியே சத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அறுபதைத் தொட்டதும் உள்ளே அதே ‘ம்ம்ம்’. யாழினியின் கை காதுக்குப் போனது. வர முடியாது என்பதை ஆபீசில் எப்படி மரியாதையாகச் சொல்லலாம் என்று மனசுக்குள் வாக்கியம் அமைக்க ஆரம்பித்தேன்.

ஏழுமலை அண்ணன் குனிந்து கேபின் தரைத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கடைக்குத் திரும்பியதும் கணவரிடம், “எனக்கு இந்தக் காலோட குந்த முடியல தம்பி. நீங்களே அடியில போய், முன்பக்கப் பைப்பு எதுல தொங்குதுன்னு பாருங்க,” என்றார்.

கணவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஐந்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை.

“இன்னா தம்பி, தூங்கிட்டீங்களா?”

“கம்பிண்ணா.”

“இன்னா கம்பி?”

“துணி காயப்போடற கம்பி.”

எட்டு மாதத்துக்கு முன்பு எங்கள் மாடித் துணிக்கம்பியில் ஒரு முழத்தை யாரோ வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அதற்காக எதிர்வீட்டு அக்காவோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான்.

“ஏங்க, அது நம்ம மாடிக் கம்பியா?”

“பைப்பத் தாங்கற ரப்பர் அறுந்துடுச்சு. அன்னிக்கு லோடு அர்ஜென்ட். ரெண்டு நாளைக்குன்னுதான் கட்னேன்,” என்றது அடியிலிருந்து குரல்.

“ரெண்டு நாள் கட்டு நல்லா ஸ்ட்ராங்காத்தான் நின்னுருக்கும்மா,” என்றார் ஏழுமலை அண்ணன். பிறகு என்னிடம் விளக்கினார்: “பைப்பு ஆடற ஆட்டத்த ரப்பர் வாங்கிக்கும். கம்பி வாங்காது. அப்டியே பாடிக்குத் தள்ளிவுட்ரும்.”

அப்படியானால் சைலன்சரை மாற்றாமலே சரியாகியிருக்குமா என்று கேட்டேன். பாதிதான் சரியாகியிருக்கும் என்றார். ரப்பர் 70 ரூபாய். சாப்பிட்டுவிட்டு 3.50க்குக் கிளம்பினோம். வேங்கிக்கால் தாண்டி அறுபது, செயலியில் 74. யாழினி தூங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒவ்வொரு மாட்டுக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வண்டியில் அவள் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியையும் மறுநாள் காலையையும் தவிருங்கள். சைலன்சருக்குப் பணம் கொடுக்கும் முன் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். வேலை முடிந்ததும் நின்ற இடத்தில் முறுக்கிக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். எந்த வேகத்தில் தொந்தரவோ, அந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். செயலியின் எண்ணை நம்புவதா என்று என்னைக் கேட்காதீர்கள், நானே குழந்தையின் கையைத்தான் பார்த்தேன்.

4.40க்கு, வண்டி அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆபீசுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை சேர்கிறேன் என்றேன். சந்தோஷம் என்றார் மேனேஜர். விவரமெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்: “வீட்லதான இருக்கீங்க? ஒரு பேனா பேப்பர் எடுத்துக்கறீங்களா?”