அதிகாரி நடக்க ஒரு வரப்பு

யூரியா போடுகிறவனிடம் எந்தச் சர்க்காரும் காகிதம் கேட்பதில்லை. கடைக்குப் போனான், மூட்டையைத் தூக்கினான், வந்தான். போடாதவள் நான், போடவில்லை என்று நான்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று வருடம் நிலத்தில் யூரியாவோ மருந்தோ படக் கூடாது. வருடா வருடம் அதிகாரி வந்து பார்ப்பார். மூன்றாம் வருடம் தேறினால் இயற்கை விவசாயி என்று சான்றிதழ், அதைக் காட்டினால் மானியம். நடுவில் ஒரு சொட்டு மருந்து பட்டாலும் பரமபதத்தில் பாம்பு கொத்திய மாதிரி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். ஆய்வுக்கு வருகிறவருக்கு ஏனோ குற்றாலத்தில் சாரல் விழுந்து அருவி கொட்டினால்தான் எங்கள் நிலம் நினைவுக்கு வரும். முதல் வருடம் தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். காரின் பின்சீட்டில் துண்டு காய்ந்தது. இரண்டாம் வருடமும் அவரேதான். வரப்பில் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்துவிட்டு இறங்கவே இல்லை. "பாம்பு கீம்பு கெடக்குமோம்மா?" என்று கார் கண்ணாடியை இறக்கிக் கேட்டு, அங்கிருந்தே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, 'பராமரிப்பு போதாது' என்று எழுதிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரி வருகிற பாதையைச் சுத்தம் செய்தே பழகிய உடம்பு. மூன்றாம் வருட ஆய்வுக்கு முன்னால் ராயகிரியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போன நான் பத்து நாள் அங்கேயே இருந்துவிட்டேன். ஆய்வன்று காலையில் வந்து பார்த்தால், வரப்பு நெடுகப் புல் பழுத்துக் கருகிக் கிடந்தது.

"என்னத்த அடிச்சீங்க?"

"களை மருந்துதான். அதிகாரி நடக்க வழி வேணும்லா? பயிர்ல ஒரு சொட்டு படல ஏட்டி, வரப்புலதான் அடிச்சேன்."

"ஐயோ, உங்க மண்டையில என்ன களிமண்ணா? மூணு வருசம்! வரப்பு என்ன பக்கத்து ஊர்க்காரன் நிலமா?"

மனுஷன் முகம் செத்துப்போயிற்று. வரப்பும் நிலத்தில் சேர்த்தி என்று அவருக்கு நிஜமாகவே தோன்றவில்லை. அதற்குள் கார் வந்துவிட்டது.

அதிகாரி இறங்கினார். ஈரத் தலையோடு வரப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். "அடடா, போன வருசம் பாத்த வயலா இது? இயற்கை விவசாயம்னா இப்படில்லா இருக்கணும்!" கருகிய புல்லை நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். மற்ற ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

"மருந்து எதுவும் அடிக்கலைலா?" என்று படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். கேட்கும்போதே 'இல்லை' என்று எழுதியாயிற்று.

தெருவில் என்னை வாயாடி என்றுதான் சொல்லுவார்கள். மடை திறப்பவனிலிருந்து தாசில்தார் வரை என் வாய்க்குத் தப்பியவர் கிடையாது. அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. எழுதிவிட்டுப் போகட்டும் சாமி என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"அடிச்சிருக்கு சார்" என்றார் என் வீட்டுக்காரர், அட்டென்ஷனில் நின்றபடி. "இந்த வரப்புல களை மருந்து. நான்தான் அடிச்சேன். இவளுக்குத் தெரியாது."

அதிகாரிக்கு என்னைவிட வருத்தம். "ஏன் அண்ணாச்சி, நான் பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருப்பேன்லா? எத்தன பேரு தேறுனாங்கன்னு மேல கேக்காங்க, நான் என்ன சொல்லுவேன்?" கெஞ்சாத குறை.

"எழுதுங்க சார்."

கடைசியில் 'இல்லை'யை அடித்துத் திருத்தி, இவர் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்கு மறுபடியும் முதல் வருடம்.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டபோது திட்டுவதற்குப் பதில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் பொய், எனக்குத் தெரியாது என்பது; கார் வருமுன்னே தெரிந்துவிட்டதே. அதை நான் இன்று வரை திருத்தவில்லை.